குழாய்நீரும் குறிப்பேடும்

யூபிலி மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமையைப் பாராட்டி எழுதுதல் மரபு. கட்டடங்கள் எழுந்த வரலாற்றையும், அதிபர்மார் ஆற்றிய தொண்டினையும், மைதானத்தில் நம்மவர் ஈட்டிய வெற்றிகளையும் எடுத்துரைக்க எம்மினும் தகுதியுடையார் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிக எளியது. நாள்தோறும் எல்லோரும் கையாள்வது. ஆதலினாலேயே பெரும்பாலும் எண்ணிப் பார்க்கப்படாதது. நம் கல்லூரி வளவிலும் இச்சிறுபட்டினத்து வீடுகளிலும் குழாய்வழியே வந்து சேர்கின்ற குடிநீரே அப்பொருள். தமிழ் கற்பிப்பானொருவனுக்கு நீரின் குணங் குற்றங்களோடு என்ன தொடர்பு என்று விஞ்ஞான ஆசிரியர்கள் நகைத்தல் கூடும். தொடர்பு உண்டென்பது இக்கட்டுரையைப் படித்து முடிக்கும்போது புலனாகும்.

ஒருநாள் பத்தாந் தர வகுப்பிலே திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். கடவுள் வாழ்த்தினை அடுத்து மழையின் சிறப்பினை வள்ளுவர் வைத்த காரணத்தை விளக்கியபோது, பின்வரிசை மாணவனொருவன் எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டுக் குழாய்நீர் பளிங்குபோலத் தெளிவாயிருக்கின்றது. அதைக் காய்ச்சிக் குடி, காய்ச்சிக் குடி என்று அம்மா ஓயாது சொல்லுகின்றார். தெளிந்த நீரிலே என்ன குற்றம்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எமக்கோ அக்கேள்வி சிரிப்பிற்குரியதாகத் தோன்றவில்லை. தமிழிலே அறிவிற்கும் நீருக்கும் "தெளிவு" என்னும் ஒரு சொல்லையே வழங்குகின்றோம். தெளிந்தது நல்லது என்னும் எண்ணம் நம் மொழியிலேயே ஊறிக் கிடக்கின்றது. ஆயின் நீரைப் பொறுத்தவரை தெளிவு வேறு, தூய்மை வேறு. வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் செங்கண்மாரியையும் தருகின்ற நுண்ணுயிர்கள் கண்ணுக்குப் புலனாவன அல்ல. நீரின் நிறத்தையோ சுவையையோ அவை மாற்றுவதும் இல்லை.

இவ்வேறுபாடு நம் நிலத்திலே வாழ்வார்க்கு மிக இன்றியமையாதது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என நாம் பெருமையோடு சொல்வதும் மாரியில் மாத்திரம் ஓடிக் கோடையில் வறண்டு கிடப்பது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நம் முதற்பொருள். அம்மழை மண்ணினூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அங்கே, கடலோடு தொடர்புடைய உவர்நீரின்மேல், பாரங் குறைந்த இந்நன்னீர் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கணக்கு. எனவே மேலே ஓரடியை நாம் இறைத்துக் குறைப்பின், கீழே உவர் 40 அடி ஏறி வரும். புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழத்துநீர் உவர்நீராகவும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்று.

இன்னுமொன்று. மணற்படையினூடாக மெல்ல வடியும் நீர் ஓரளவு சுத்தமாகின்றது. கல் வெடிப்பினூடாக விரைந்திறங்கும் நீருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் மழையை ஏற்றுக்கொள்ளும் இக்கல், நிலத்தின்மேல் நாம் இடும் எதனையும் மறுக்காது ஏற்றுக்கொள்ளும். தோட்டத்துக்கு இடும் பசளையும், மலசலகூடக் குழியின் கசிவும், சிந்திய எண்ணெயும் அதற்கு ஒன்றே.

முன்னோர் இவற்றை நூல்வழி அறிந்தாரல்லர். எனினும் கிணற்றைக் காக்கும் ஒழுங்கினை நன்கு அறிந்திருந்தனர். கோடையில் ஆண்டுக்கொருமுறை கலக்கியிறைத்தனர். கிணற்றடியிற் செருப்போடு ஏறவிடார். குடிநீர் அள்ளும் வாளியை நிலத்தில் வைக்கவிடார். துலாவினால் இறைத்த காலத்தில் மனித வலியே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. கிணறு கண்முன்னே இருந்தமையால், நீர் வற்றினாலும் கலங்கினாலும் அதனுள் ஏதேனும் விழுந்தாலும் வீட்டார் உடனே அறிந்தனர்.

1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் திரள்திரளாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது யாம் சிறுவயதினராயிருந்தோம். ஒரு குடும்பத்துக்கென வெட்டிய கிணற்றிலே பல குடும்பங்கள் வரிசையில் நின்று நீரள்ளின. மாலையில் அடிமண் தெரியும். விடியுமுன் ஊறிய நீருக்காக மீண்டும் வரிசை நீளும். விறகு கிடைத்தற்கரிதான அந்நாளிலும் எம் அம்மம்மா கொதித்தாறிய நீரையன்றி வேறு நீரைப் பிள்ளைகளுக்குக் கொடார். சோற்றுக்கு விறகு போதாதே என்று எவரேனும் சொன்னால், "சோறு ஒருநேரம் பிந்தலாம்" என்பார். பற்றீரியா என்னும் சொல்லை அவர் வாழ்நாளிற் கேட்டதில்லை. பலர் வாளி தோய்ந்த நீர் என்பது மாத்திரம் அவருக்குத் தெரியும். கண்ணாற் கண்டது கொண்டு காணாததனை உணர்ந்த அறிவு அது.

நிற்க, அக்கிணறுகள் இன்று பல இடங்களிலே குடித்தற்கு உகந்தவையாக இல்லை. குடிநீரிலே நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்ட நிலங்களின் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டமையை ஆய்வாளர் பலகாலும் கண்டுரைத்துள்ளனர். புட்டிப்பால் உண்ணும் பச்சிளங் குழந்தைகளுக்கு இதனால் வருங் கேடு பெரிது. குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தல் இதற்கு மருந்தாகாது. கொதித்தலால் நுண்ணுயிர் சாகும். நைத்திரேற்றோ நீர் ஆவியாகக் குறைந்த அளவிற்குச் செறிந்து நிற்கும். சுன்னாகத்து நிகழ்ச்சியையும் இளைய மாணவர் அறிதல் வேண்டும். அங்கு மின்னுற்பத்தி நிலையமொன்றின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே பெருங் கவலையாயிற்று. தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குடித்த கிணற்றைப் பார்த்துக்கொண்டே, வீதியோரத் தாங்கிகளிற் பவுசர் ஊற்றிச் சென்ற நீருக்கு மக்கள் குடமேந்தி நின்றனர். 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பினால் நீதி கிடைத்தது. ஆயினும் கிணற்றின்மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவு எளிதில் மீள்வதன்று.

இந்நிலையிலே குழாய்நீர் வந்தமை பெரும்பேறென்பதில் ஐயமில்லை. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கவல்ல நிலையம் 2024 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. ஆறில்லாத நாட்டவர் கடலையே ஆறாக்கிக் குடிக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் நீர் எங்கிருந்து வரினும், குழாயினுள் புகுந்த கணமே அது நம் கண்ணினின்று மறைந்துவிடுகின்றது. கிணற்றுக்குக் காவல் நம் கண். குழாய்க்குக் காவல் யாது?

முதற் காவல் குளோரீன். சுத்திகரித்த நீரிலே சிறிதளவு குளோரீனை எஞ்சவிட்டே அனுப்புகின்றனர். வழியிலே நுண்ணுயிர் புகின் அதனை அழிப்பதற்கு அது உடன்வருகின்ற காவலாளன். நீர் வந்து சேரும் குழாய்வாயிலே லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் அது எஞ்சியிருத்தல் வேண்டும் என்பர். "மருந்து மணக்கின்றது" என்று நாம் முகஞ் சுளிப்பது இக்காவலாளனைக் கண்டுதான். நீர் இடைவிட்டு வரும் ஊர்களிலே இக்காவல் மேலும் வேண்டப்படும். குழாயில் அமுக்கம் குன்றிய வேளையிலே வெடிப்புக்களின் வழியே புறத்தேயுள்ள அழுக்குநீர் உள்ளிழுக்கப்படுதல் கூடும். அதற்குமேல், வீட்டுத் தாங்கியொன்று உண்டு. மூடி விலகிய தாங்கியிலே வெயிலாலும் நாட்செல்லலாலும் குளோரீன் நீங்கிப்போகின்றது. இலையும் தூசும் பறவையெச்சமும் வந்து சேர்கின்றன. காவலாளன் நீங்கிய வீட்டிற்குக் கள்வன் வருதல் அரிதன்று.

நம் கல்லூரியிலே நிகழ்ந்ததும் இதுவே. சில மாதங்களின் முன் மாணவர் விடுதியிற் சிலருக்கு வயிற்றோட்டம் கண்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, வீதிக் குழாயிலிருந்து நீர் வந்து சேரும் இடத்திலொன்றும், மேல்மாடித் தாங்கியிலிருந்து இறங்கும் குழாயிலொன்றுமாக இரு போத்தல்களில் நீர் எடுத்துச் சென்றார். முதலாவது குற்றமற்றது, இரண்டாவதிலே கோலிவடிவப் பற்றீரியா காணப்பட்டது. இரண்டு நீரும் கண்ணுக்கு ஒரேவிதமாகத் தெளிந்திருந்தன. குற்றம் நீரை அனுப்பினாரிடத்தன்று; நம் கூரையின் மேலே, ஓரமுடைந்த மூடியின் கீழே இருந்தது. தாங்கி கழுவப்பட்டது, புதிய மூடி இடப்பட்டது, மாணவர் தேறினர்.

பரிசோதகரின் அறிவுரைப்படி, விஞ்ஞான மன்றத்து மாணவர் நாள்தோறும் எஞ்சிய குளோரீனைச் சோதித்துக் குறிப்பேட்டிற் பதிவதெனத் தீர்மானமாயிற்று. சோதனை எளியது. சிறு குழாயிலே நீரெடுத்துக் குளிகையொன்றை இட்டால், குளோரீன் இருப்பின் நீர் இளஞ்சிவப்பாகும். அந்நிறத்தை அளவுத் தகட்டின் நிறங்களோடு ஒப்பிட்டு எண்ணை எழுதல் வேண்டும். குறிப்பேட்டின் எழுத்தும் நடையும் திருந்தியிருத்தல் வேண்டுமென்பதற்காக, வாரந்தோறும் அதனைப் பார்வையிடும் பணி தமிழாசிரியராகிய எம்மிடம் விடப்பட்டது.

மூன்றாம் வாரத்திலே குறிப்பேட்டைத் திறந்தபோது ஐந்து நாளுக்கும் 0.4 என்னும் எண்ணே இருந்தது. ஐந்தும் ஒரே மையினால், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியவை. பதிந்த மாணவனை அழைத்துக் கேட்டோம். அவ்வாரம் முழுதும் மழை பெய்தமையாலே தாங்கியடிக்குச் செல்லவில்லை என்றும், முந்திய வாரத்தில் 0.4 என்றே இருந்தமையால் அதனையே எழுதியதாகவும் சொன்னான். பொய் சொன்னதாக அவன் கருதவில்லை. வெற்றிடம் விடுதல் அழகன்று எனக் கருதியிருந்தான். யாம் அவனைக் கடியவில்லை. அவனையும் மன்றத்தாரையும் இருத்தி, தூரதேயத்துச் சிறுபட்டினமொன்றின் வரலாற்றைச் சொன்னோம். அதனை இங்கும் சொல்லுதல் தகும்.

நம் பழைய மாணவர் பலர் இன்று வாழ்கின்ற கனடா நாட்டு ஒன்ராறியோ மாகாணத்திலே, ரொறன்ரோ நகருக்கு வடமேற்கே, வோக்கேற்றன் என்றொரு பட்டினம் உண்டு. 2000 ஆம் ஆண்டிலே அங்கு வாழ்ந்தோர் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நம்மவர்போல் அவர்களும் நிலத்தடி நீரையே, ஆனால் குழாய்வழி, குடித்தனர். அங்கும் அடியிலே வெடிப்புள்ள கல், அருகே கமம். அவ்வாண்டு மே மாதத்திற் பெருமழை பெய்தது. கமத்துக்கு இட்ட மாட்டெருவினின்று ஈ. கோலி என்னும் பற்றீரியாவின் கொடியதொரு வகை, ஆழங் குறைந்த கிணறொன்றிற் புகுந்து குழாய்களிற் பரவியது. எருவிட்ட கமக்காரர்மேற் குற்றமில்லை என்றே பின்னர் விசாரணை கண்டது. குளோரீன் தக்க அளவில் இடப்பட்டிருக்குமாயின் அவ்வுயிர்கள் பெரிதும் அழிந்திருக்கும்.

ஆனால் அங்கு நீர்ப்பணி செய்தார் நாள்தோறும் குளோரீனை அளப்பதில்லை. அளவாமலே 0.5 என்றும் 0.75 என்றும் குறிப்பேட்டில் எழுதிவந்தனர். அவர்கள் கொடியவர் அல்லர். சுத்திகரியாத அந்நீரைத் தாமும் குடித்தவர்கள். அது தெளிந்த நல்ல நீர் என்று மனதார நம்பியவர்கள். ஊரவரும் மருந்துச் சுவையை விரும்பவில்லை. ஆகவே குறிப்பேடு ஆண்டுக்கணக்காக அழகாக நிறைந்துவந்தது. மக்கள் நோயுற்றபின் சுகாதாரப் பகுதியார் வினவியபோது, நீரிற் குற்றமுண்டென ஆய்வுகூடம் அறிவித்திருந்தும், நீர் நன்றாயிருக்கின்றது என்றே விடை கூறப்பட்டது. சுகாதாரப் பகுதியார் அவ்விடையை நம்பியிராது, மே 21 ஆம் நாள் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு ஊரவரை எச்சரித்தனர். அதற்குள் காலம் கடந்துவிட்டது. எழுவர் இறந்தனர், 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். நீதிபதி டெனிஸ் ஓ'கொனர் தலைமையிலே விசாரணை நடந்து, 2002 ஆம் ஆண்டு அறிக்கைகள் வெளியாயின. அவ்வாண்டே குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டமும் அம்மாகாணத்தில் இயற்றப்பட்டது.

செல்வமும் கல்வியும் நிறைந்த நாட்டிலே, இயந்திரங்கள் இருக்க, மருந்து இருக்க, ஆய்வுகூடம் இருக்க, இல்லாதுபோனது யாது? எழுதிய எண் மெய்யாயிருக்கவில்லை. மழை வருதல் இயற்கை. கிருமி புகுதலும் நிகழக்கூடியதே. அவை வந்ததனை அறிவிக்கவேண்டிய ஏடு, ஒன்றும் நிகழவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. குழாய்நீருக்குக் காவல் யாது என மேலே வினவினோம். முதற் காவல் குளோரீன் என்றோம். முடிந்த காவல் எழுத்தின் மெய்ம்மையே. கிணற்றிலே கண் செய்த தொழிலைக் குழாயிலே குறிப்பேடு செய்கின்றது. கண் பழுதுபட்டாற் பழுதென்று தெரியும். பொய்யேடு பழுதானது என்பது தெரியாது. அது கேட்டினும் பெருங் கேடு. தமிழாசிரியனுக்கு நீரோடு என்ன தொடர்பு என்பார்க்கு இதுவே எம் விடை. எழுதக் கற்பிக்கின்றோம், கண்டதனை எழுது, காணாததனை எழுதாதே என்பதனையும் உடன் கற்பித்தல் எம் கடன்.

அவ்வரலாற்றைச் சொன்ன அடுத்த வாரமும் மழை பெய்தது. குறிப்பேட்டிலே ஒருநாட்பக்கத்தில் எண் இல்லை. "இன்று கடும் மழை. தாங்கியடிக்குச் செல்லவில்லை. சோதிக்கவில்லை" என்று மாத்திரம் எழுதியிருந்தது. அவ்வெழுத்து முன்சொன்ன மாணவனுடையதே. இருபது ஆண்டளவாக மாணவர் கட்டுரைகள் எத்தனையோ ஆயிரம் திருத்தியிருக்கின்றோம். அணியும் அலங்காரமும் இல்லாத அம்மூன்று தொடருக்கு இணையான உரைநடையை யாம் அரிதாகவே கண்டோம். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மறுநாட்பக்கத்திலே 0.2 என்றிருந்தது. குறைந்துவருகின்றதே என்று அவர்களாகவே மேலேறிப் பார்த்தனர்; காற்றிலே மூடி சற்று விலகியிருந்தது. மெய்யெழுதிய ஏடு தன் தொழிலைச் செய்துவிட்டது.

இனிப் பழைய மாணவர்க்கு ஒரு சொல். அன்பும் நன்றியும் உடைய நீவிர் தாய்க்கல்லூரிக்கு ஈவன பல. அண்மைக் காலத்திலே நீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களை நன்கொடையாக அளித்தல் எங்கும் பெருகியுள்ளது. நற்செயலே. ஆயினும் யாம் சென்றதொரு பாடசாலையிலே, நன்கொடையாளர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளிருந்த வடிகட்டி மாற்றுவாரின்றிக் கறுத்துக் கிடந்தது. வடிகட்டி மாற்றாத இயந்திரம் சுத்திகரிப்பதில்லை. கிருமிக்கு இருப்பிடமாவதும் உண்டு. இயந்திரத்தை வாங்குதல் ஒருநாட் செலவு. அதனைப் பேணுதல் என்றைக்குமான செலவு. பேணுதற்குத் தகடு பொறிப்பாரில்லை. ஆதலின் இவ்யூபிலி ஆண்டிலே ஒரு சிறு நிதியை ஒதுக்கித் தருவீராயின் மூன்று காரியங்கள் நடைபெறும். ஆண்டுக்கு இருமுறை தாங்கிகளைக் கழுவுவித்தல் ஒன்று. மாதந்தோறும் நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சோதித்தல் இரண்டு. அச்சோதனை முடிவு நன்றாயினும் தீதாயினும், பெற்றோரும் அயலவரும் படிக்கத்தக்கதாகக் கல்லூரி வாயிலிலே ஒட்டிவைத்தல் மூன்று. மூன்றாவதற்குப் பணம் வேண்டியதில்லை; துணிவு மாத்திரமே வேண்டும்.

மாணவ நண்பர்களே, நீவிர் நாளை மருத்துவராகலாம், பொறியியலாளராகலாம், பிரதேச சபையிலோ நீர்வழங்கற் பகுதியிலோ பணி ஏற்கலாம், தூரதேயங்களிலே குடியேறலாம். எங்கிருப்பினும் ஒருநாள் உம் கையிலே ஒரு குறிப்பேடு தரப்படும். மழையோ வெயிலோ, ஒருவரும் பார்க்காத வேளையிலே அதன் வெற்றிடத்தை நிரப்பவேண்டிய நிலை வரும். அந்நேரத்திலே உம்மை அறியாத ஒரு தாய், உம் எண்ணை நம்பித் தன் பிள்ளையின் கையிலே நீர்க்கிண்ணத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவள் நம்பிக்கைக்குத் தக்க எழுத்தை எழுதுவாரை இக்கல்லூரி மேன்மேலும் ஆக்குக. நம் கல்லூரி நீடு வாழ்க. அதன் நீர் தூயதாகுக. அதன் எழுத்து மெய்யாகுக.